உங்கள் உலகில் யார் யார் வாழ்கிறார்கள்? ஃபேண்டஸி கேம்பெய்னுக்கு இனங்களைத் தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கேரக்டராகக் கதையை ஆடும் விளையாட்டு. அதை ஆட உட்காருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "நான் யாராக ஆடலாம்?" என்பதுதான். விதிப்புத்தகத்தில் இதற்குப் பதில் தயாராக இருக்கிறது. 2024-இல் வந்த பிளேயர்ஸ் ஹேண்ட்புக் பத்து இனங்களைத் தருகிறது: மனிதர், எல்ஃப் (கூர்காது, நீண்ட ஆயுள்), ட்வார்ஃப் (குள்ள உருவம், உறுதியான உடம்பு), ஹாஃப்லிங் (மனிதரில் பாதி உயரம்), நோம், ஆர்க், கோலியாத், டிராகன்பார்ன், டீஃப்லிங், ஆசிமார். துணைப் புத்தகங்களையும் சேர்த்தால் பறவை மனிதர், பூனை மனிதர், இயந்திர மனிதர் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும்.

முதன்முதலாக டிஎம் ஆக, அதாவது கதையை நடத்துபவராக, உட்கார்ந்தபோது, "எது பிடிக்கிறதோ எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டேன். தாராள மனசு என்று நினைத்துத்தான் சொன்னேன். ஐந்து பேர் ஐந்து இனங்களோடு வந்தார்கள். சிறகு முளைத்த ஒருவனும் இரும்பு உடம்புள்ள ஒருவனும் ஒரு கிராமத்துக்குள் நுழைகிறார்கள், கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கயிறு விற்கிறார். பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார் என்று எனக்கே தெரியாது. மூன்றாவது செஷனுக்குள், அதாவது மூன்றாம் முறை ஆட உட்காருவதற்குள், எல்லோரும் தங்கள் இனத்தை மறந்துவிட்டார்கள். சிறகு, செதில், இரும்பு எல்லாம் மாறுவேடப் போட்டி உடைபோல ஆகிவிட்டன.

அதற்கப்புறம் நடத்திய ஒவ்வொரு கேம்பெய்னிலும் (பல செஷன்களாக நீளும் ஒரே கதைதான் கேம்பெய்ன்) பட்டியலை நானே கையால் எழுதுகிறேன். ஓர் இனத்தைப் பட்டியலில் சேர்ப்பதென்றால், அதற்கு என் உலகத்தில் ஒரு வீடு கட்டித் தருவது என்று அர்த்தம். கட்ட முடிந்த வீடுகளின் எண்ணிக்கைதான் பட்டியலின் நீளம். நான் பின்பற்றும் வழியைப் படிப்படியாக எழுதுகிறேன். உதாரணத்துக்கு, நான் நடத்திய கழிமுக கேம்பெய்னையே எடுத்துக்கொள்கிறேன்.

முதல் படி: புத்தகத்தை மூடிவிட்டு உலகத்தை எழுதுங்கள்

இனங்களின் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு உலகத்தை யோசித்தால், எல்லா உலகமும் ஒரே மாதிரி வரும். காட்டில் எல்ஃப், மலையில் ட்வார்ஃப், பச்சைக் குன்றில் ஹாஃப்லிங். முதலில் நான்கைந்து வரிகளில் உலகத்தை எழுதுங்கள். அந்த வரிகளில் ஒன்று, அங்கே வாழ்வதில் இருக்கும் பெரிய கஷ்டம் என்ன என்று சொல்ல வேண்டும்.

என் உலகம் இது: ஒரு பெரிய ஆறு கடலில் கலக்கும் கழிமுகம். அறுபது ஆண்டுகளுக்கு முன் கரை உடைந்து தலைநகரம் கடலுக்குள் போய்விட்டது. மிச்சமிருக்கும் ஊர்கள் மேடுகளிலும் கரைகளின் மேலும் இருக்கின்றன. ஊருக்கு ஊர் தோணியில்தான் போக வேண்டும். கடல் வற்றும் நாட்களில் பழைய நகரத்தின் கோபுரங்கள் தலைகாட்டும். துணிந்தவர்கள் போய்ப் பொருள் எடுத்து வருவார்கள். பெரிய கஷ்டம் தண்ணீர். தண்ணீரைக் கடப்பதும், தண்ணீருக்கு அடியில் கிடப்பதை எட்டுவதும்தான் கதை.

இந்த ஆட்டத்தின் நல்ல உலகங்கள் பலவும் இப்படி ஒரு கஷ்டத்திலிருந்து தொடங்கியவைதான். 1991-இல் வந்த டார்க் சன் உலகம் பாலைவனம். இரும்பு அரிது, மந்திரம் போட்டால் செடிகொடி சாகும். அங்கே நோம்கள் அழிந்துபோன இனம். எல்ஃப்கள் நெடுங்கால்களோடு மணலில் ஓடித் திரியும் நாடோடிகள், ஹாஃப்லிங்குகள் ஆளைத் தின்னும் காட்டுவாசிகள். பூச்சி உடம்புள்ள த்ரீ-க்ரீன் இனத்தையும் ஆடலாம். 2020-இல் வந்த தீரோஸ், கிரேக்கப் புராணங்களை ஒட்டிய உலகம். அங்கே ஆட மனிதர், சென்டார், மினோட்டார், சாட்டிர், லியோனின், ட்ரைடன் உண்டு. எல்ஃபும் ட்வார்ஃபும் கிடையாது. டிராகன்லான்ஸ் உலகத்தில் ஆர்க் இல்லை. தலிஸ்லாந்தா என்ற ஆட்டம் 1980-களில் "எல்ஃப் கிடையாது" என்பதையே விளம்பர வாசகமாக வைத்திருந்தது. எடுத்துவிடுவது உலகத்தைச் சிறிதாக்கும் என்று பயப்பட வேண்டாம். டார்க் சன்னை ஒருமுறை ஆடியவர்களுக்கு அதன் எல்ஃப்கள் மறக்காமல் இருப்பதற்குக் காரணமே, அந்த மணல் அவர்களை மாற்றியிருப்பதுதான்.

இரண்டாம் படி: எந்தத் திறன் உங்கள் முடிச்சை அவிழ்த்துவிடும்?

அதிக நேரம் செலவழிக்க வேண்டிய படி இது. இனங்களோடு வரும் திறன்களை நீங்கள் எழுதிய அந்தப் பெரிய கஷ்டத்தோடு ஒவ்வொன்றாக மோதவிட்டுப் பாருங்கள். இந்த இனம் பலமானதா என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. என் கதைக்கு இது என்ன செய்யும் என்று கேளுங்கள்.

பறத்தல். ஆராகோக்ரா என்ற பறவை மனிதருக்கு ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பின் ஆரம்பத்தில் ஒரு சுற்றுக்கு 50 அடி பறக்கும் வேகம் இருந்தது. 2022-இல் அதை நடை வேகத்துக்குச் சமமாகக் குறைத்தார்கள். வேகம் குறைந்தாலும் சிக்கல் தீரவில்லை. முதல் லெவலிலிருந்தே பறக்கலாம் என்பதுதான் சிக்கல் (ஆட ஆட கேரக்டர் ஏறும் படிகள்தான் லெவல்). சுவர், பள்ளம், ஆறு என்று டிஎம் வைக்கும் தடைகளில் பாதி அந்த ஒருவருக்குத் தடையே இல்லை. மற்ற நால்வரும் கயிறு கட்டிக்கொண்டிருக்க, அவர் அக்கரையில் காத்திருப்பார். வானத்தில் மிதக்கும் தீவுகளின் கதை என்றால் அதே இனத்தை முதல் ஆளாகச் சேர்ப்பேன். கழிமுகத்தில் சேர்க்கவில்லை.

நீருக்கடியில் மூச்சு. ட்ரைடன் தண்ணீரிலும் காற்றிலும் மூச்சுவிடும், நன்றாக நீந்தும். தண்ணீர்க் கதைக்கு ட்ரைடன்தானே பொருத்தம் என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் மூழ்கிய நகரம்தான் என் கதையின் பூட்டு; ட்ரைடன் சாவியோடு பிறந்தவர். முதல் செஷனிலேயே அரண்மனைக் கஜானா வரை போய்த் திரும்பிவிடுவார். இதைவிட எளிதில் கண்ணில் படாதது வார்ஃபோர்ஜ்ட். எபரான் உலகத்துக்காக உருவாக்கப்பட்ட அந்த இயந்திர மனிதருக்குச் சாப்பாடு, தண்ணீர், மூச்சு எதுவும் வேண்டாம். அதாவது கடலடியில் நடந்தே நகரத்துக்குப் போகலாம். "மூச்சு வேண்டாம்" என்ற சின்ன வரியை நான் இரண்டாம் வாசிப்பில்தான் கவனித்தேன். ஒவ்வொரு இனத்தின் பக்கத்தையும் இரண்டு முறை படியுங்கள்.

இங்கே லெவலையும் சேர்த்து யோசிக்க வேண்டும். மந்திரவாதியான விசார்டுக்குப் பறக்கும் மந்திரம் கிடைப்பது ஐந்தாம் லெவலில். நீருக்கடியில் மூச்சுவிட வைக்கும் மந்திரமும் அதே லெவலில்தான். அது பத்துப் பேருக்கு 24 மணி நேரம் தாங்கும். ஆகவே ஐந்தாம் லெவலில் கதவு எப்படியும் திறக்கும். அதுவரை மூடியிருந்தால்தான் திறக்கும் நாள் திருவிழாவாக இருக்கும். என் கேம்பெய்னின் முதல் பாதி முழுக்க அந்த நாளை நோக்கித்தான் போனது. 2024 டிராகன்பார்னும் ஐந்தாம் லெவலில்தான் கொஞ்ச நேரம் பறக்கத் தொடங்கும் என்பதால், பறத்தல் என்ற காரணத்துக்காக அதை ஒதுக்கத் தேவையில்லை.

இருட்டில் பார்வை. 2024-இன் பத்து இனங்களில் ஏழுக்கு டார்க்விஷன் உண்டு. மனிதர், ஹாஃப்லிங், கோலியாத் மூவருக்கும் இல்லை. குழு முழுக்க இருட்டில் பார்ப்பவர்களாக இருந்தால் லாந்தருக்கு வேலையில்லை, இரவுக் காட்சிகளின் பயமும் போய்விடும். இதற்காக இனங்களை நீக்க நான் சொல்லமாட்டேன். விதியை முழுதாகப் பின்பற்றுங்கள், போதும். டார்க்விஷன் இருட்டை மங்கலான வெளிச்சமாக்குகிறது, அவ்வளவுதான். மங்கலில் கண்ணால் கவனிக்கும் சோதனைகள் எல்லாம் டிஸ்அட்வான்டேஜோடு, அதாவது பகடையை இரண்டு முறை உருட்டிக் குறைந்த எண்ணை எடுத்து, பார்க்க வேண்டியவை. பல மேசைகளில் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஆயுள். யாரும் இதைத் திறனாக எண்ணுவதில்லை, ஆனால் கதையை அதிகம் அசைப்பது இதுதான். எல்ஃப் சுமார் 750 ஆண்டு வாழும், ட்வார்ஃப் சுமார் 350. என் தலைநகரம் மூழ்கி அறுபது ஆண்டுதான் ஆகிறது. மனிதர்களுக்கு அது பாட்டி சொன்ன கதை. எல்ஃபுக்கோ அது அவர் நடந்த தெரு. ரகசியம் எல்லாம் ஒரே பிளேயருக்குத் தெரிந்துவிடுமே என்று எல்ஃபை எடுத்துவிடப் பார்த்தேன். அப்புறம் மாற்றி யோசித்து, எல்ஃப் எடுத்த பிளேயருக்கு நகரத்தின் ஒரே ஒரு தெருவின் வரைபடத்தைக் கையால் வரைந்து கொடுத்தேன்: அந்த எல்ஃப் பெண் சிறுவயதில் வாழ்ந்த தெரு. கேம்பெய்ன் முழுவதும் அந்தத் தாளை அந்தப் பிளேயர் பத்திரமாக வைத்திருந்தார். ஒரு திறன் உங்கள் கதையைப் பூட்டாமலும் உடைக்காமலும் கனமாக்குகிறது என்றால், அந்த இனம் பட்டியலில் இருக்க வேண்டியதுதான்.

மூன்றாம் படி: எண்ணிக்கை

இரண்டு இனங்கள் ஒரே உலகத்தில் இருந்தால் அவற்றுக்கிடையே ஓர் உறவு இருக்கும். வியாபாரமோ, பழைய சண்டையோ, கலப்பு மணமோ, ஏதோ ஒன்று. ஐந்து இனங்கள் என்றால் அப்படிப் பத்து உறவுகள். பத்து இனங்கள் என்றால் நாற்பத்தைந்து. நாற்பத்தைந்து உறவுகளை எந்த டிஎம்மும் தலையில் வைத்துக்கொள்ள முடியாது. வைத்துக்கொள்ளாதவை எல்லாம் ஆட்டத்தில் வெறுமையாகத் தெரியும். நான்கைந்து பேர் ஆடும் மேசைக்கு ஐந்து அல்லது ஆறு இனங்கள் போதும் என்பது என் அனுபவம்.

கழிமுகத்துக்கு நான் எடுத்தவை மனிதர், ஹாஃப்லிங், ட்வார்ஃப், எல்ஃப், கோப்ளின் என்ற சிறு உருவ இனம். கரைகளையும் மதகுகளையும் கட்டியவர்கள் ட்வார்ஃப்கள். கரை உடைந்ததற்கு மனிதர்கள் இன்றும் அவர்களைத்தான் பழிக்கிறார்கள். ஆனால் மதகு பழுதானால் அவர்களைத்தான் கூப்பிட வேண்டும். ஹாஃப்லிங்குகள் தோணிக் குடும்பங்கள், கரையில் வீடு கிடையாது. கோப்ளின்கள் சேற்றில் நண்டு பிடிப்பவர்கள், உடைந்த படகுகளைப் பிரித்து விற்பவர்கள். ஹாஃப்லிங்கின் படகு கவிழ்ந்தால் முதலில் வந்து காப்பாற்றுவதும் கோப்ளின்தான், பலகையைக் கழற்றிக்கொண்டு போவதும் கோப்ளின்தான். ஆர்க், கோலியாத், நோம் ஆகியோர்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அவர்களுக்கு அந்தச் சேற்றில் ஒரு வேலையைக் கண்டுபிடிக்க முடியவில்லை, அதனால் விட்டுவிட்டேன்.

மனிதர் கட்டாயமா? இல்லை. ஆனால் மனிதரை எடுத்துவிட்டால் மற்றவர்களை எதோடு ஒப்பிடுவது என்று பிளேயர்கள் தடுமாறுவார்கள். முதல் கேம்பெய்னில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: வந்தது, வந்தான், வந்தார்

தமிழில் ஆட்டம் நடத்துகிறவர்களுக்குக் கிடைக்கும் ஒரு சோதனை இருக்கிறது. ஆங்கிலத்தில் கோப்ளின் வருவதைச் சொல்ல, அது ஆளா பிராணியா என்று முடிவு செய்யாமலே வினைச்சொல்லைச் சொல்லிவிடலாம். தமிழில் முடியாது. "கோப்ளின் வந்துச்சு" என்றோ "கோப்ளின் வந்தான்" என்றோ ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். வாயைத் திறந்ததும் திணை தெரிந்துவிடும்.

நன்னூல் மக்களோடு தேவரையும் நரகரையும்கூட உயர்திணையில் வைக்கிறது. தேவ அம்சமுள்ள ஆசிமாருக்கும் நரகத் தொடர்புள்ள டீஃப்லிங்குக்கும் நம் இலக்கணத்தில் அப்போதே இடம் இருந்திருக்கிறது என்பது எனக்கு மிகப் பிடித்த விஷயம். சிக்கல் வருவது கோப்ளின், லிஸார்ட்ஃபோக் என்ற பல்லி மனிதர், வார்ஃபோர்ஜ்ட் போன்றவர்களிடம்தான்.

பட்டியலில் ஓர் இனத்தை எழுதும் முன், அந்த இனத்தைச் சேர்ந்த ஒரு கிழவி சந்தைக்கு வருவதாக ஒரு வாக்கியத்தை உரக்கச் சொல்லிப் பாருங்கள். "வந்தாள்" என்றோ "வந்தார்" என்றோ தடையில்லாமல் வாயில் வந்தால் சேர்க்கலாம். "வந்தது" என்றுதான் வருகிறதென்றால், அந்த இனத்தை நீங்கள் இன்னும் மக்களாக நினைக்கவில்லை. பிளேயர் ஒருவர் அதை எடுத்தால் உங்கள் கதை சொல்லலே அவரைப் பிராணியாக்கிக்கொண்டிருக்கும்.

இதை ஒரு கருவியாகவும் பயன்படுத்தலாம். என் கழிமுகத்தில் வயதான ட்வார்ஃப் பொறியாளரை ட்வார்ஃப்கள் "வந்தார்" என்பார்கள், மனித அதிகாரிகள் "வந்தான்" என்பார்கள். மனிதர்கள் அவர்களை இழிவாக நடத்துகிறார்கள் என்று நான் ஒருமுறைகூட விளக்கவில்லை. இரண்டாவது செஷனில் ட்வார்ஃப் ஆடியவர் அந்த விகுதிக்காகவே ஒரு தாசில்தாரிடம் சண்டைக்குப் போனார்.

ஐந்தாம் படி: பிறப்பையும் வளர்ப்பையும் பிரித்து எழுதுங்கள்

1974-இல் வந்த முதல் விதிப்புத்தகத்தில் ட்வார்ஃப் ஆறாம் லெவலோடு நின்றுவிட வேண்டும். 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் இப்படிப்பட்ட லெவல் வரம்புகள் முற்றிலும் போயின. அதன் பிறகும் இன்ன இனம் பலம் கூடியது, இன்ன இனம் புத்தி கூடியது என்ற கூட்டல் கழித்தல் தொடர்ந்தது. 2020-இல் அந்தப் புள்ளிகளை இடம் மாற்றிக்கொள்ள ஒரு விருப்ப விதி வந்தது. 2024 புத்தகம் அவற்றை இனத்திலிருந்து எடுத்து, கேரக்டர் வளர்ந்த பின்னணியோடு சேர்த்துவிட்டது. கூடவே, அதுவரை பயன்படுத்திய ரேஸ் என்ற பழைய ஆங்கிலச் சொல்லை விட்டு, உயிரியலில் இனவகையைக் குறிக்கும் ஸ்பீஷீஸ் என்ற சொல்லுக்கு மாறியது. பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பு, 2019-லேயே வம்சாவளி என்று பொருள்படும் சொல்லை எடுத்துக்கொண்டது. கோப்ளினையும் அதே புத்தகத்தில் முதன்மை இனங்களுள் ஒன்றாக்கியது.

நம்மிடம் ரேஸ், ஸ்பீஷீஸ் இரண்டுக்கும் "இனம்" என்ற ஒரே சொல்தான் இருக்கிறது. அதனால் நமக்குக் கூடுதல் கவனம் வேண்டும். பிறப்பை வைத்து ஒருவருக்கு வேலையையும் குணத்தையும் எழுதிவைத்த சமூகத்திலிருந்து வருகிறோம். மேசையில் உட்கார்ந்திருப்பவர்களில் சிலருக்கு அது நேற்று நடந்த விஷயமாகக்கூட இருக்கும். "கோப்ளின்கள் பிறவித் திருடர்கள்" என்று எழுதும் டிஎம், யாருடைய மனதைத் தொடுகிறோம் என்று யோசிக்க வேண்டும்.

நான் ஒவ்வொரு இனத்துக்கும் இரண்டு வரி எழுதுவேன். உடம்போடு வருவது ஒரு வரி: கோப்ளினுக்கு இருட்டில் கண் தெரியும், உருவம் சிறியது. வாழ்க்கையோடு வருவது இன்னொரு வரி: சேற்று மேட்டில் வளர்ந்தவருக்குப் படகு பிரிக்கத் தெரியும். இரண்டாவது வரி எந்த இனத்தவருக்கும் பொருந்த வேண்டும். சேற்று மேட்டில் வளர்ந்த ஒரு மனிதச் சிறுமிக்கும் படகு பிரிக்கத் தெரிய வேண்டும். பழிச்சொற்கள் உலகத்தில் இருக்கலாம், அது கதைக்கு வேண்டும். ஆனால் அவற்றைச் சொல்வது உலகத்தில் இருக்கும் ஆட்களாக இருக்க வேண்டும்; விதிப்புத்தகத்தின் குரலில் வரக் கூடாது.

ஆறாம் படி: ஒரு பக்கத் தாள், செஷன் ஸீரோ

எல்லாவற்றையும் ஒரே பக்கத்துக்குள் அடக்குங்கள். ஓர் இனத்துக்கு மூன்று கேள்விகள்: எங்கே தூங்குகிறார்கள்? யார்மேல் கோபம்? வேற்றூருக்குள் நுழைந்தால் ஊர்க்காரர் என்ன செய்வார்? மூன்றாவதுதான் தினமும் பயன்படும். என் தாளில் கோப்ளினுக்கு இருந்தது: "நுழைந்ததும் வாசலில் கிடக்கும் கயிறு, பலகை, கொக்கியை உள்ளே எடுத்து வைப்பார்கள், பிறகு கதவைத் திறந்து நண்டு என்ன விலை என்று கேட்பார்கள்."

இந்தத் தாளை, ஆட்டம் தொடங்கும் முன் கூடிப் பேசும் செஷன் ஸீரோவில், பிளேயர்கள் கேரக்டர் உருவாக்கும் முன்பே கொடுத்துவிடுங்கள். கேரக்டரோடு வந்தவரிடம் முடியாது என்று சொல்வது இரு பக்கத்துக்கும் வருத்தம். அப்படியும் யாராவது கேட்பார்கள்.

"அண்ணா, எனக்குப் பறவை மனிதன்தான் வேணும்."

"பறக்கணுமா, இல்ல பறவையா இருக்கணுமா?"

இந்த எதிர்க்கேள்வியை மறக்காதீர்கள். பெரும்பாலும் பதில் இரண்டாவதாகத்தான் இருக்கும். அந்தத் தம்பிக்கு வேண்டியிருந்தது இறகும் அலகும், உயரத்தில் உட்கார்ந்து பார்க்கும் சுபாவமும்தான். ஹாஃப்லிங்கின் விதிகளை அப்படியே வைத்துக்கொண்டு, தோற்றத்தை மட்டும் மாற்றி, பறக்க முடியாத கரையோரப் பறவைக் குடும்பம் ஒன்றை உருவாக்கினோம். பாய்மர உச்சியில் காவல் இருப்பது அவர்கள் தொழில். புதிய விதி ஒன்றுகூட எழுதவில்லை. உண்மையிலேயே பறக்கத்தான் வேண்டும் என்று அவன் சொல்லியிருந்தால், ஐந்தாம் லெவல் வரை சிறகில் ஆறாத காயத்தோடு தொடங்கச் சொல்லியிருப்பேன். இதற்கு முன்மாதிரியும் உண்டு: அந்த 1974 புத்தகமே, கிட்டத்தட்ட எதுவாக வேண்டுமானாலும் ஆடலாம், பலவீனமாகத் தொடங்கிப் படிப்படியாக மேலே வர வேண்டும் என்றுதான் சொன்னது.

ஏழாம் படி: தாளில் கீழே இடம் விட்டு வையுங்கள்

ஆட்டம் தொடங்கிய பிறகு பட்டியல் மாறலாம், ஆனால் கதைக்குள்ளிருந்து மாற வேண்டும். என் கழிமுகத்தில் மூழ்கிய நகரத்தைக் காவல் காத்த தவளைக் கூட்டம் ஒன்று இருந்தது. நான் அவர்களை எதிரிகளாகத்தான் எழுதியிருந்தேன். மேசையில் எல்லோரும் "வருது, குதிக்குது" என்றுதான் சொன்னார்கள். ஐந்தாம் லெவலில் மந்திரம் கிடைத்து எல்லோரும் நீருக்கடியில் இறங்கினார்கள். அந்த எல்ஃபின் பழைய தெருவில், அவள் வீட்டிலேயே, ஒரு தவளைக் குடும்பம் குடியிருந்தது. வீட்டுப் பெண் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். அங்கே சண்டை நடக்கவில்லை. திரும்பி வரும்போது பிளேயர்கள் "அவ என்ன சொன்னா?" என்று பேசிக்கொண்டிருந்தார்கள். யாரும் திட்டமிட்டு மாற்றவில்லை.

இரண்டு செஷன் கழித்து ட்வார்ஃப் கேரக்டர் இறந்துபோனார். அதை ஆடியவர், புதிய கேரக்டராக அந்த வீட்டுப் பெண்ணின் மூத்த மகனை எடுக்கலாமா என்று கேட்டார். நான் முதல் நாளில் ஒதுக்கிய ட்ரைடனின் விதிகளை எடுத்து, தவளை உருவத்தைப் போர்த்திக் கொடுத்தேன். நீருக்கடியில் மூச்சு இப்போது குழு முழுக்க இருந்ததால் எந்தப் பூட்டையும் அது உடைக்கவில்லை. தாளின் அடியில் ஆறாவது இனத்தை எழுதி, மூன்றாவது கேள்விக்கு மட்டும் இப்படிப் பதில் போட்டேன்: "நுழைந்ததும் பெரியவர்கள் கரை மேலே ஏறி நிற்பார்கள், குழந்தைகள் கிட்டே வந்து, அடியில் எங்கள் பழைய வீடு இன்னும் இருக்கிறதா என்று கேட்பார்கள்."